பதினாறணா வாங்கிய செயலாளர்

சத்தம் போடாமல் என் பின்னால் வாருங்கள். முன்வாசலில் காவலர்கள் விறைப்பாக நிற்கிறார்கள், அங்கே நமக்கு வேலை இல்லை. வருடம் 1955, ஊர் கராச்சி. பாகிஸ்தான் கவர்னர் ஜெனரலின் மாளிகைக்குள் நுழைகிறோம். ஆனால் போகப்போவது தர்பார் மண்டபத்துக்கு அல்ல, பக்கத்து அறைக்கு. நாடு முழுவதிலுமிருந்து ஃபைல்கள் வந்து இறங்குகிற அறை அது. அங்கே மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் 38 வயது மனிதரைக் காட்டத்தான் இவ்வளவு ஆசையாக உங்களைக் கூட்டி வந்தேன். பெயர் குத்ரதுல்லா ஷஹாப்.

வரிசையாக மூன்று ஆட்சித் தலைவர்களுக்குச் செயலாளர். முதலில் குலாம் முகம்மது, பிறகு இஸ்கந்தர் மிர்சா, பிறகு அயூப் கான். நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள், பக்கத்து அறைக்காரர் மட்டும் மாறவில்லை. அதைவிடப் பெரிய அதிசயம், இந்த மனிதர் கதை எழுதுகிறவர்! அதிகாரத்தின் அடுக்களைக்குள் ஒரு சிறுகதைக்காரரை உட்காரவைத்தால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். பார்த்தார். ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதி வைத்துவிட்டுப் போனார். ‘ஷஹாப்நாமா’ என்ற அந்தப் புத்தகத்தைத் திறந்த நாள் முதல் எனக்கு இந்த ஆளைப் பற்றி யாரிடமாவது பேசாமல் இருக்க முடியவில்லை.

உள்ளே எட்டிப் பாருங்கள். கட்டிலில் கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது. பக்கவாதம் அவரைப் புரட்டிப் போட்டுவிட்டது. கை நடுங்குகிறது, வாய் குழறுகிறது. அவர் சொல்வது மந்திரிகளுக்குப் புரிவதில்லை, தளபதிக்கும் புரிவதில்லை. அந்தரங்கச் செயலாளர் மிஸ் ரூத் போரல் ஒருவருக்குத்தான் புரியும். அவர் எடுத்துச் சொன்ன பிறகுதான், தங்களை ஐயா திட்டினாரா பாராட்டினாரா என்பதே மற்றவர்களுக்குத் தெரியும். 1954 அக்டோபர் 24 அன்று அரசியல் நிர்ணய சபையையே கலைத்தவர் இந்த மனிதர்தான்! எதிர்த்து நீதிமன்றம் போன சபைத் தலைவர் தமீசுத்தீன் கான், போலீஸ் கண்ணில் படாமலிருக்க புர்கா போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவில் போனார் என்று பாகிஸ்தானில் இன்றும் கதை சொல்கிறார்கள்.

ஒரு சின்னத் தகவல், சொல்லாமல் போக மனம் வரவில்லை. குலாம் முகம்மது கணக்குத் துறையில் தேர்ந்தவர். 1945-ல் மகிந்திரா சகோதரர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய கம்பெனியின் பெயர் ‘மகிந்திரா அண்ட் முகம்மது’. பிரிவினைக்குப் பின் 1948-ல்தான் அது ‘மகிந்திரா அண்ட் மகிந்திரா’ ஆனது. நம் வயல்களில் ஓடுகிற டிராக்டரின் பெயரிலிருந்து இறங்கிப்போன அந்த முகம்மதுதான் இந்தக் கட்டிலில் கிடக்கிறார்!

ஷஹாப் இதையெல்லாம் எழுதும்போது குரலை உயர்த்துவதே இல்லை. ஒரு நோயாளியின் நடுங்கும் கையெழுத்துக்காக ஒரு நாடு காத்துக்கொண்டிருந்ததை, பக்கத்தில் நின்று மையை உலர்த்திய ஆள் சொல்கிற அமைதி அது.

இந்த அறைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார்? அதற்கு மலை ஏற வேண்டும். 1917 பிப்ரவரி 26 அன்று கில்கித்தில் பிறந்தார். அப்பா அப்துல்லா அலிகாரில் படித்த கெட்டிக்காரர். ஐ.சி.எஸ். தேர்வுக்காக இங்கிலாந்து அனுப்ப அலிகார் கல்லூரியை நிறுவிய சர் சையத் அகமது கானே உதவித்தொகை ஏற்பாடு செய்தாராம். கடல் கடந்து போகக்கூடாது என்று அம்மா தடுத்துவிட்டார். மகன் அம்மா பேச்சைக் கேட்டார். சர் சையதுக்கு வந்த கோபத்தில், உன் பெயரே என் காதில் விழாத தூரத்துக்குப் போய்விடு என்று விரட்டிவிட்டாராம். அந்தத் தூரம்தான் கில்கித். அப்பா இழந்த அதே ஐ.சி.எஸ்.ஸை 1941-ல் மகன் பிடித்தார். ஜம்மு காஷ்மீரிலிருந்து அந்தப் பணிக்குப் போன முதல் முஸ்லிம் அவர்தான் என்கிறார்கள்.

பயிற்சி முடிந்து பீகார், ஒரிசா, வங்காளம் என்று சுற்றினார். இந்த இடத்தில் விளக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் பேய் வருகிறது. கட்டாக் நகரம், சிவில் லைன்ஸ், பதினெட்டாம் எண் பங்களா. இளம் அதிகாரி ஷஹாப் அங்கே குடியேறுகிறார். இரவானால் விளக்குகள் தாமாக எரிகின்றன, தாமாக அணைகின்றன. கூரையிலிருந்து கல் விழுகிறது. வேறு யாராவது என்றால் மறுநாளே மூட்டை கட்டியிருப்பார்கள். இவர் மாதக்கணக்கில் தங்கினார்! அந்த வீட்டில் முன்பு குடியிருந்த ஓர் அதிகாரி, பிம்லா குமாரி என்ற கல்லூரிப் பெண்ணை ஏமாற்றிக் கொன்று கூடத்துத் தரைக்கடியில் புதைத்திருந்ததாகவும், எலும்புகளைத் தோண்டியெடுத்து முறைப்படி எரியூட்டிய பிறகே வீடு அடங்கியதாகவும் எழுதுகிறார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என்னைத் தொட்டது வேறொன்று. ஓர் அரசாங்க அதிகாரி, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் முறையீட்டை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உயிரோடிருப்பவர்களின் முறையீட்டைக் கேட்கவே அலுவலகங்களில் ஆளில்லை.

உயிரோடிருந்தவர்களையும் அவர் கேட்டார். 1943 வங்காளப் பஞ்சம். மேதினிபூர் மாவட்டம், தம்லுக் பகுதி. நந்திகிராமத்தில் ஜனங்கள் தெருவில் விழுந்து சாகிறார்கள், கிடங்கில் அரிசி பூட்டிக்கிடக்கிறது. மேலிடத்துக்கு எழுதினார், பதில் இல்லை. பூட்டைத் திறந்து அரிசியைப் பங்கிட்டுவிட்டார். ஆம், 2007-ல் நிலப் போராட்டத்துக்காக நாம் செய்தியில் பார்த்த அதே நந்திகிராமம்தான். அனுமதி இல்லாமல் திறந்த பூட்டு எந்த அதிகாரிக்கும் சும்மா முடியாது, அவரை அங்கிருந்து மாற்றினார்கள். இருபத்தாறு வயதில் வேலையைப் பணயம் வைத்த அந்தக் கையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பிரிவினை வந்தது. பழைய ஐ.சி.எஸ். படையில் பாகிஸ்தானுக்குப் போன முஸ்லிம் அதிகாரிகள் நூறு பேர்கூடத் தேறவில்லை. அவர்கள்தான் ஒரு நாட்டின் நிர்வாகத்தை எழுப்ப வேண்டும். கராச்சியில் மேசை இல்லை, நாற்காலி இல்லை, தட்டச்சு இயந்திரம் இல்லை. காகிதங்களைக் கோக்கக் குண்டூசி கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? மரத்திலிருந்து முள் ஒடித்துக் குத்தினார்கள். நம்மூர்க் கருவேல முள்ளேதான்! ஒரு தேசத்தின் முதல் ஃபைல்கள் கருவேல முள்ளால் தைக்கப்பட்டவை. அந்தத் தலைமுறை அதிகாரிகளின் நினைவுகளில் இந்த முள் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் எனக்குப் புதிதாகத்தான் குத்துகிறது. பகலில் வர்த்தகத் துறையின் ஃபைல். இரவில் அகதிப் பெண்களின் கண்ணீரை ‘யா குதா’ என்ற குறுநாவலாக எழுதினார் ஷஹாப்.

இப்போது நான் ஓடிவந்து சேர நினைத்த இடத்துக்கு வந்துவிட்டோம். ஜங் மாவட்டம், பஞ்சாப். ஹீர்–ராஞ்சா காதல் கதையின் ஹீர் அடங்கிய மண். இயற்பியலில் நோபல் வாங்கிய அப்துஸ் சலாம் வளர்ந்த ஊர். அங்கே ஷஹாப் டெபுடி கமிஷனர், அதாவது நம்மூர்க் கலெக்டருக்கு ஈடு.

ஒரு நாள் ஓர் ஏழைக் கிழவி அழுதுகொண்டே வருகிறார். துண்டு நிலம் ஒன்று அவர் பெயருக்கு மாற வேண்டும். நாம் பட்டா மாற்றம் என்போமே, அதுதான். கிராமத்துப் பட்வாரி, நம் பழைய கர்ணம் போன்றவர், லஞ்சம் கேட்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறார். மனுவில் ‘விசாரித்து அறிக்கை தருக’ என்று எழுதிக் கீழே தள்ளினால் வேலை முடிந்தது. எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். ஷஹாப் எழுந்தார். கிழவியைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு நேரே அந்தக் கிராமத்துக்குப் போய்விட்டார்!

ஊரே கூடிவிட்டது. பட்வாரி உள்ளே ஓடி, துணியில் சுற்றிய ஒரு பொதியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தார். இந்தப் புனித நூல் மேல் ஆணை, கிழவி சொல்வது பொய் என்றார். சத்தியம் செய்த பிறகு அதிகாரி என்ன செய்ய முடியும்? அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒருவர், ஐயா, முதலில் அந்தப் பொதியை அவிழ்த்துப் பாருங்கள் என்றார். அவிழ்த்தார்கள். உள்ளே இருந்தவை நிலப் பதிவேடுகள்! நின்ற நிலையில் பட்டா மாற்றம் நடந்தது.

வெளியே வந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் வேலை முடியும் என்பதைக் கிழவியால் நம்பவே முடியவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசைப் பிரித்தார். எண்ணிப் பதினாறு அணா. யாரும் பார்க்காதபடி மெல்ல அதிகாரியின் பையில் போட்டார். லஞ்சம் என்ற எண்ணத்திலா? இல்லை. வேலை செய்தவருக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஷஹாபின் கண் கலங்கியது, சுற்றி நின்ற பெரியவர்கள் கண்ணும் கலங்கியது. அதை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை! தன் பணிக்காலம் முழுவதிலும் தான் ஏற்றுக்கொண்ட ஒரே லஞ்சம் அதுதான் என்று எழுதுகிறார். தங்கமலையே கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது, அந்த அணாக்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்கிறார்.

பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். முழுமையைச் சொல்லத் தமிழில் ‘பதினாறணா உண்மை’ என்போம். அந்தக் கிழவி கொடுத்தது பதினாறணா நம்பிக்கை. இந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கு வைக்கவில்லை.

சரி, மறுபடி மாளிகைக்குள் நுழைவோம். அங்கே வேகம் கூடிவிட்டது. குலாம் முகம்மது போய் இஸ்கந்தர் மிர்சா வந்தார். 1956 மார்ச் 23 அன்று அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது, மிர்சா முதல் ஜனாதிபதி ஆனார். இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. 1958 செப்டம்பரில் ஒரு நாள் ஷஹாப் அறைக்குள் போகிறார். ஜனாதிபதியின் கையில் அரசியல் சட்டப் புத்தகம். இந்தக் குப்பையை நீ படித்திருக்கிறாயா என்ற பொருளில் கேட்கிறார். எந்தச் சட்டத்தின் மேல் உறுதிமொழி எடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாரோ, அதே சட்டத்தை! வரப்போகும் புயலின் முதல் காற்று ஷஹாபின் முகத்தில்தான் பட்டது. அக்டோபர் 7 இரவு சட்டம் ரத்தானது, ராணுவ ஆட்சி வந்தது.

மிர்சா ஜெயித்தாரா? மூன்றே வாரம். அக்டோபர் 27 காலையில் தளபதி அயூப் கானுக்குப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அன்று இரவே அதே அயூப் அனுப்பிய தளபதிகள் வந்து அவரிடம் ராஜினாமா வாங்கிவிட்டார்கள். காலைக்கும் இரவுக்கும் நடுவில் ஒரு நாடு கைமாறியது. மிர்சா லண்டனுக்கு அனுப்பப்பட்டார். 1969-ல் இறந்தபோது சொந்த மண்ணில் அடங்க இடம் கிடைக்கவில்லை, உடல் டெஹ்ரானில் புதைக்கப்பட்டது.

புதிய எஜமான் அயூப். பக்கத்து அறையில் அதே ஷஹாப். உருதுவில் புரட்சிக்கு ‘இன்கிலாப்’ என்று சொல்வார்கள். ஷஹாப் என்ற பெயரோடு அது எவ்வளவு அழகாக இயைபு சேர்கிறது பாருங்கள். கேலிக் கவிஞர்கள் விடுவார்களா? எந்தப் புரட்சி வந்தாலும் இந்த மனிதர் அங்கே இருப்பார் என்று பாட்டுக் கட்டி உலவவிட்டார்கள்.

அயூப் காலத்தில் ஓர் இரவு. படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1962 அக்டோபர் 20, ராவல்பிண்டி, விடிய நெடுநேரம் இருக்கிறது. ஷஹாப் வீட்டுக்கு அறிமுகமான ஒரு சீனர் வருகிறார். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எல்லையில் சண்டை தொடங்கிவிட்டது என்று சொல்கிறார். இந்த நேரத்தில் இதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும் என்று ஷஹாபின் மூளை சுழல்கிறது. காஷ்மீர் விஷயத்தில் இதுதான் வாய்ப்பு என்ற குறிப்பாகவே அதை எடுத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பி ஜனாதிபதி மாளிகைக்கு விரைகிறார். அயூபை எழுப்புகிறார். படை நடத்துவதைச் சிவிலியன்கள் விளையாட்டாக நினைக்கிறீர்கள், போய்த் தூங்குங்கள், எனக்கும் தூக்கம் வருகிறது. இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அயூப் மறுபடி படுக்கப் போய்விட்டதாக எழுதியிருக்கிறார். ஷஹாபுக்கு அது கைநழுவிய வாய்ப்பு. எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து படிக்கிற எனக்கோ, ஒரு மனிதரின் தூக்கம் எத்தனை ஆயிரம் உயிர்களைக் காப்பாற்றியிருக்குமோ என்ற மலைப்பு.

இந்த மனிதரை நான் இவ்வளவு விரும்புவதாலேயே, வலிக்கிற ஒரு பக்கத்தையும் புரட்டியாக வேண்டும். 1959 ஜனவரியில் கராச்சியில் பாகிஸ்தான் எழுத்தாளர் சங்கம் பிறந்தது. அதைக் கட்டியவர்களில் முதல் ஆள் ஷஹாப், முதல் பொதுச்செயலாளரும் அவரே. வறுமையில் வாடிய எழுத்தாளர்களுக்குப் பரிசும் மரியாதையும் கிடைத்தன. அதே ஆண்டு ஏப்ரலில், மியான் இப்திகாருத்தீனின் ‘பாகிஸ்தான் டைம்ஸ்’, ‘இம்ரோஸ்’ பத்திரிகைகளை ராணுவ அரசு கையகப்படுத்தியது. சுதந்திரமான பத்திரிகைகளில் அவை முன்வரிசை. மறுநாள் அதை நியாயப்படுத்தி ‘பாகிஸ்தான் டைம்ஸி’ல் வெளியான தலையங்கத்தை எழுதியது ஷஹாபின் பேனாதான் என்று பலர் குற்றம் சாட்டினார்கள். அவர் கடைசிவரை மறுத்தார். யார் எழுதினார்களோ, ஒன்று மட்டும் நிச்சயம். பத்திரிகைகளின் கழுத்தை நெரித்த ஆட்சியின் பக்கத்து அறையில் அன்று அவர் இருந்தார், அங்கேயே தொடர்ந்து இருந்தார். நந்திகிராமத்தில் பூட்டைத் திறந்த கை, இந்தப் பூட்டு விழுந்தபோது சும்மா இருந்தது. அது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு ஹாலந்துக்குத் தூதர், திரும்பிவந்து கல்வித்துறைச் செயலாளர். 1969-ல் யாஹ்யா கான் ஆட்சியைப் பிடித்தபோதுதான் அவர் எழுந்தார். ராஜினாமா செய்துவிட்டு இங்கிலாந்து போய்விட்டார். ஓய்வூதியம் நின்றது, கையில் காசில்லை. மூன்று ஆட்சித் தலைவர்களின் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தவர், கணக்குப் பார்த்துக் கடையில் சாமான் வாங்கினார். யுனெஸ்கோ பணியில் இருந்தபோது, ஆக்கிரமிக்கப்பட்ட அரபுப் பகுதிப் பள்ளிகளின் பாடநூல்கள் எப்படி மாற்றப்பட்டிருக்கின்றன என்று பார்க்க, வேறொரு நாட்டுக்காரர் பெயரில் இஸ்ரேலுக்குள் போய்வந்ததாகவும், அல் அக்ஸா பள்ளிவாசலில் ஓர் இரவு கழித்ததாகவும் எழுதுகிறார். உளவுப்படம் தோற்றுவிடும்!

மனைவி இப்பத் ஒரு மருத்துவர். 1974-ல் இங்கிலாந்திலேயே இறந்தார். அவரைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் வேகமாகப் படித்துவிடாதீர்கள். அதில் அதிகாரி இல்லை, செயலாளர் இல்லை, துணையை இழந்த ஒருவர் மட்டும் இருக்கிறார்.

கடைசிக் காலத்தில் இஸ்லாமாபாத். மும்தாஸ் முப்தி, அஷ்பாக் அகமது, பானோ குத்சியா என்று உருது இலக்கியத்தின் பெரிய பெயர்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். அவர்களுக்கு அவர் நண்பர் மட்டுமல்ல, கிட்டத்தட்ட ஞானி. பானோ குத்சியா அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ‘ஷஹாப்நாமா’வின் இறுதி அத்தியாயத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு குரு தனக்குக் கடிதம் எழுதி வழிநடத்தினார் என்றும், அந்தக் குரு ‘தொண்ணூறு’ என்று தன்னை அழைத்துக்கொண்டார் என்றும் சொல்லிவிட்டு முடிக்கிறார். படித்தவர்கள் இரண்டாகப் பிரிந்து இன்னும் சண்டை போடுகிறார்கள்!

1986 ஜூலை 24-ல் ஷஹாப் இறந்தார். புத்தகம் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. அச்சில் அதை அவர் பார்க்கவில்லை. இன்றுவரை பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றுக்கொண்டிருக்கிறது.

அவருடைய அம்மாவைப் பற்றி ‘மாஞ்ஜி’ என்றொரு கதை எழுதியிருக்கிறார். அந்த அம்மா வியாழன்தோறும் பதினொரு பைசாவுக்குப் பள்ளிவாசல் விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்பார். அதற்கு மேல் கொடுக்கவும் மாட்டார், தனக்கென்று கேட்கவும் மாட்டார். அம்மாவின் பதினொரு பைசாவையும் கிழவியின் பதினாறு அணாவையும் அவர் சாகும்வரை மறக்கவில்லை. ஒரு கஜானாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

உருது தெரிந்த நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். ‘ஷஹாப்நாமா’வில் ஜங் மாவட்டத்துக் கிழவி வருகிற பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.